ஹார்மோன் ஊசியால் தசைநாண் ஆறாது

தோள்பட்டை வலி மூன்று மாதம் நீடித்தால் ஓர் ஊசி. குதிங்கால் வலி விடாமல் படுத்தினால் இன்னோர் ஊசி. முழங்கையில் வலி வந்தால் அதற்கும் ஊசி. தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து நெல்லைச் சாலையில் இருக்கும் புதுக்கோட்டை வரை, உடம்பால் உழைத்துப் பிழைப்பவர்களிடம் இது யாரும் கேள்வி கேட்காத மருத்துவமாகிவிட்டது. அந்த ஊசியில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டு, அதாவது அட்ரினல் சுரப்பி சுரக்கும் ஹார்மோனின் செயற்கை வடிவம். உடற்பயிற்சிக் கூடங்களிலும் கபடி ஆடும் இளைஞர்களிடமும் இதே நம்பிக்கை வேறு பெயர்களில் உலவுகிறது: வளர்ச்சி ஹார்மோன் போட்டால் கிழிந்த ஜவ்வு சீக்கிரம் கூடும், டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் நாண் உறுதிப்படும். மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கருத்துதான்: வெளியிலிருந்து ஹார்மோன் கொடுத்தால் தசையை எலும்போடு பிணைக்கும் நாண் விரைவாகவும் உறுதியாகவும் ஆறிவிடும். இந்தக் கருத்து தவறானது. அதன் விலையைக் கொடுப்பவர்கள், ஒரு நாள் கூலியைக்கூட இழக்க முடியாத மனிதர்கள்.

மறுப்பதற்கு முன் எதிர்த்தரப்பை முழு வலுவோடு எடுத்துவைப்பதே நியாயம். அவர்களிடம் நான்கு காரணங்கள் இருக்கின்றன. முதலாவது, கண்கூடான பலன். 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹெஞ்ச், மூட்டுவாதத்தால் அசைய முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹெஞ்ச், எட்வர்ட் கெண்டல், டாடியஸ் ரைக்ஸ்டைன் மூவரும் நோபல் பரிசு பெற்றார்கள். இன்றும் தோள்பட்டையில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டவர் அடுத்த வாரமே கையைத் தூக்குகிறார். அந்த நிம்மதி பொய்யன்று. இரண்டாவது, ஆய்வகச் சான்று. தசைநாணின் பெரும்பகுதி கொல்லஜன் என்ற புரதம். வளர்ச்சி ஹார்மோன் அந்தக் கொல்லஜன் உற்பத்தியைக் கூட்டுகிறது என்று மனிதர்களிடமே அளந்து காட்டியிருக்கிறார்கள். மூன்றாவது, வயது. நடுவயதுக்குப் பிறகு ஹார்மோன்கள் குறைகின்றன, நாண்களும் நலிகின்றன; குறைந்ததை நிரப்பினால் நலிந்தது தேறும் என்று எண்ணுவது இயல்பு. நான்காவது, பிழைப்பு. பயிற்சி, ஓய்வு என்று மாதக்கணக்கில் காத்திருக்கக் கூலித் தொழிலாளிக்கு வழியில்லை. நான்கும் அக்கறையோடு சொல்லப்படும் காரணங்கள்தாம். ஆனால் நான்கில் ஒன்றுகூட, ஹார்மோன் நாணை ஆற்றுகிறது என்பதை நிறுவவில்லை.

நாண் என்பது என்ன என்று தெரிந்தால்தான் இந்த வாதங்கள் எங்கே சறுக்குகின்றன என்பது தெரியும். கப்பலைக் கரையில் கட்டும் வடத்தில் ஆயிரம் இழைகள் ஒரே திசையில் முறுக்கேறிக் கிடப்பதால்தான் அது இழுவையைத் தாங்குகிறது. அதே இழைகளைக் குவியலாகப் போட்டால் எதையும் தாங்காது. தசைநாணிலும் கொல்லஜன் இழைகள் இழுவையின் திசையில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நாண் கிழிந்தால் முதல் சில நாள்கள் அழற்சி. அடுத்த சில வாரங்களில் செல்கள் பெருகி, அவசரமாகத் தாறுமாறான இழைகளை நெய்கின்றன. பிறகு மாதக்கணக்கில், சில சமயம் ஓராண்டுக்கு மேலும், அந்த இழைகள் பிரிக்கப்பட்டுத் திசைப்படுத்தி மறுபடி அடுக்கப்படுகின்றன. இந்தக் கடைசிக் கட்டம்தான் நாணுக்கு வலுவைத் திரும்பத் தருகிறது. எந்தத் திசையில் அடுக்குவது என்பதைச் செல்களுக்குச் சொல்வது நாணின் மீது விழும் இழுவை. இரத்தத்தில் ஓடும் எந்த ஹார்மோனுக்கும் அந்தத் திசை தெரியாது.

1. வலி அடங்கியதைக் குணமானதாக எடுத்துக்கொள்வது முதல் பிழை.

ஊசி போட்ட ஆறாவது வாரத்தில் நோயாளியைப் பார்ப்பவர், ஸ்டீராய்டு வென்றது என்றே சொல்வார். ஓராண்டு கழித்துப் பார்ப்பவர் அப்படிச் சொல்ல மாட்டார். நெதர்லாந்தில் முழங்கை நாண் வலி உள்ள 185 பேரிடம் நடந்து 2002இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆறாவது வாரத்தில் ஊசி போட்டவர்களில் 92 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பிசியோதெரபி பெற்றவர்களில் 47 சதவீதம். எதுவும் செய்யாமல் பொறுத்திருந்தவர்களில் 32 சதவீதம். அங்கேயே நிறுத்தியிருந்தால் ஊசிக்கு மாலை போட்டிருக்கலாம். ஆனால் 52ஆவது வாரத்தில் கணக்கு தலைகீழானது: பிசியோதெரபி 91, பொறுத்திருந்தவர்கள் 83, ஊசி 69. எதுவுமே செய்யாதவர்களைவிட ஊசி போட்டவர்கள் பின்தங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 165 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வு இதைவிடக் கண்டிப்பானது. அதில் ஸ்டீராய்டை மருந்தில்லாத வெற்று ஊசியோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டில் வலி மறுபடி வந்தவர்கள் வெற்று ஊசிப் பிரிவில் 12 சதவீதம், ஸ்டீராய்டுப் பிரிவில் 54 சதவீதம். முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாணில் வலி இருந்தவர்களைக் கோபன்ஹேகனில் ஆராய்ந்தபோதும் (2009) இதே கதைதான்: பன்னிரண்டாவது வாரத்தில் ஊசியும் பயிற்சியும் சமம், அரையாண்டில் ஊசி போட்டவர்கள் சரிந்தார்கள், கனமான எடையோடு மெதுவாகப் பயிற்சி செய்தவர்கள் தேறியபடியே இருந்தார்கள். வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு நாண்களில் ஒரே வளைகோடு திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் ஏற்றம், பிறகு சரிவு. ஆறிய நாண் இப்படிச் சரியாது.

2. அழற்சியை அடக்கினால் நாண் தானே ஆறும் என்பது அடுத்த பிழை.

மாதக்கணக்கில் வலிக்கும் நாணில் பெரும்பாலும் நடப்பது என்ன? அங்கே இழைகள் வரிசை குலைந்து, நைந்து கிடக்கின்றன. ஸ்டீராய்டு எதிர்க்கக்கூடிய அழற்சி அதில் ஒரு சிறு பகுதியே. நைந்த இடத்தைச் சீர்செய்ய வேண்டியவை நாணுக்குள் இருக்கும் செல்கள். அந்தச் செல்களை ஸ்டீராய்டு என்ன செய்கிறது என்று வெளிவந்த ஆய்வுகளையெல்லாம் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2014இல் தொகுத்தார்கள். செல்கள் பெருகுவது குறைகிறது, பிழைப்பது குறைகிறது, கொல்லஜன் நெய்வது குறைகிறது, நாணின் இயந்திர வலு குறைகிறது என்பதே அந்தத் தொகுப்பின் சாரம். அண்மையில் அறுந்த நாணில் உண்மையாகவே அழற்சி இருக்கும். ஆனால் அங்கே அதுதான் ஆறுவதன் முதல் படி. முதல் படியை இடித்துவிட்டு மாடிக்கு ஏற முடியாது. குதிகாலுக்கு மேலுள்ள பெரிய நாணுக்குள் ஸ்டீராய்டு செலுத்தக் கூடாது, அது அறுந்துபோகலாம் என்று எலும்பு மருத்துவர்களே நெடுங்காலமாக எச்சரித்து வருகிறார்கள். குதிகாலில் அறுக்கக்கூடிய ஒரு மருந்து தோள்பட்டையில் ஆற்றும் என்று நம்ப எந்த அடிப்படையும் இல்லை.

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு எழும்: விரல் மடங்கிச் சிக்கிக்கொள்ளும் 'டிரிகர் விரல்', கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டில் வரும் வலி, தோள் இறுகிப்போகும் 'உறைந்த தோள்' ஆகியவற்றில் ஸ்டீராய்டு ஊசி நல்ல பலன் தருகிறதே? தருகிறது. ஆனால் முதல் இரண்டிலும் மருந்து போவது நாணைச் சுற்றியுள்ள உறைக்கு. அந்த உறையின் தடிப்பைக் குறைத்தால் நாண் தடையின்றி ஓடுகிறது. மூன்றாவதில் மருந்து போவது மூட்டைப் போர்த்திய பைக்கு. இந்த மூன்றிலும் நைந்த நாணை யாரும் ஆற்ற முயலவில்லை. உறைக்குச் சரியான மருந்தை நாணுக்கும் சரியென்று நீட்டிப்பதில்தான் பிழை தொடங்குகிறது. நோயின் பெயர் சொல்லாமல் 'தோள்பட்டை வலிக்கு ஊசி' என்று போடும்போது இந்த வேறுபாடு முழுவதும் அழிந்துபோகிறது.

3. கொல்லஜன் கூடினால் நாண் கூடிவிட்டது என்று யார் சொன்னது?

வளர்ச்சி ஹார்மோன் தரப்பின் வலுவான சான்று 2010இல் கோபன்ஹேகனிலிருந்து வந்தது. பத்து இளைஞர்களுக்கு இரண்டு வாரம் வளர்ச்சி ஹார்மோன் கொடுத்தபோது நாணிலும் தசையிலும் கொல்லஜன் உற்பத்தி கூடியது. சான்று உண்மையானது, அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. அந்த இளைஞர்களின் நாண்கள் கிழிந்தவை அல்ல. அளந்தது உற்பத்தியின் வேகத்தை, ஆறிய நாணின் வலுவை அல்ல. அதே நகரத்து ஆய்வாளர்கள் 2013இல் இன்னொரு உண்மையைக் கண்டார்கள். 1955க்கும் 1963க்கும் இடையே நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கூடிய கதிரியக்கக் கார்பனை அடையாளமாக வைத்து, இறந்தவர்களின் குதிகால் நாணின் வயதைக் கணக்கிட்டார்கள். நாணின் நடுப்பகுதி ஏறக்குறைய 17 வயதோடு உருவாகி முடிந்து, அதன் பிறகு வாழ்நாள் முழுவதும் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. உற்பத்தி வேகத்தை இரண்டு வாரம் கூட்டிவிட்டால் அப்படிப்பட்ட திசு மறுபடி கட்டப்பட்டுவிடும் என்று எண்ண இடமில்லை. பதின்வயதில் உடம்பே வளர்ச்சி ஹார்மோனைத் தாராளமாகச் சுரக்கும் காலத்தில் நாண் உருவாவதும், வயதுவந்த பிறகு அதை ஊசியால் மீட்பதும் வெவ்வேறு செயல்கள்.

கிழிந்த நாணிலேயே சோதித்தால்? சுவீடனின் லின்ஷோப்பிங்கில் எலிகளின் குதிகால் நாணை வெட்டிவிட்டு வளர்ச்சி ஹார்மோன் கொடுத்துப் பார்த்தார்கள். அது ஆரம்பக் கட்டக் குணமாதலைத் தூண்டவில்லை என்பது 2012இல் வெளியான முடிவு. அதே ஆய்வகத்தின் வேறு சோதனைகளில், வெட்டுப்பட்ட நாணுக்குத் தினமும் சில நிமிடங்கள் மட்டும் சுமை கொடுத்தாலே அது கூடுதல் வலுவோடு கூடியது. மருந்து செய்யாததைச் சில நிமிட நடை செய்தது. தென்கொரியாவில் தோள்பட்டை நாண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு வளர்ச்சி ஹார்மோன் கொடுத்துப் பார்த்த மனிதச் சோதனையும் (2018), நாண் மறுபடி கிழிவதில் உறுதியான வேறுபாடு எதையும் காட்டவில்லை. முயன்று பார்த்தாகிவிட்டது. முயற்சி பலிக்கவில்லை என்ற செய்தி மட்டும் உடற்பயிற்சிக் கூடங்களை இன்னும் எட்டவில்லை.

4. டெஸ்டோஸ்டிரோன் தசையை வளர்க்கும். அதுவே நாணுக்கு ஆபத்து.

டெஸ்டோஸ்டிரோனும் அதன் வழிவந்த அனபாலிக் ஸ்டீராய்டுகளும் தசையைப் பெருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் தசை வாரங்களில் வளரும். நாண் அந்த வேகத்தில் வளராது. புதிதாகக் கிடைத்த தசைவலு முழுவதும் பழைய நாணின் மீது விழுகிறது. 2015இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, நீண்டகாலம் அனபாலிக் ஸ்டீராய்டு எடுத்த 88 உடற்கட்டுப் பயிற்சியாளர்களையும் எடுக்காத 54 பேரையும் ஒப்பிட்டது. வாழ்நாளில் ஒரு முறையாவது நாண் அறுந்தவர்கள் முதல் பிரிவில் 22 சதவீதம், இரண்டாவது பிரிவில் 6 சதவீதம். மேலுடம்பின் நாண் அறுந்த நேர்வுகள் முதல் பிரிவில் மட்டுமே இருந்தன. அனபாலிக் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் கூடுதல் எடை தூக்கியிருக்கலாம், அதனால் அறுந்திருக்கலாம் என்று பதில் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அந்தப் பதில் என் வாதத்தையே உறுதிப்படுத்துகிறது: ஹார்மோன் நாணை உறுதிப்படுத்தியிருந்தால், கூடிய எடையை அது தாங்கியிருக்க வேண்டும். நாணை ஆற்றுவதற்காக எடுக்கப்படும் மருந்தை நீண்டகாலம் எடுத்தவர்களிடமே நாண் அதிகமாக அறுகிறது என்றால், அதை ஆற்றும் மருந்து என்று அழைக்க முடியாது.

5. உடம்பே சுரக்கும் பொருள் தீங்கு செய்யாது என்பது மிகவும் ஆபத்தான ஆறுதல்.

உடம்பு ஹார்மோனை மிகச் சிறிய அளவில், நேரம் பார்த்து, தேவை பார்த்துச் சுரக்கிறது. ஊசி அப்படிச் செய்வதில்லை. மூட்டிலோ நாணருகிலோ போட்ட ஸ்டீராய்டு அங்கேயே நிற்காமல் இரத்தத்தில் கலக்கிறது. நீரிழிவு உள்ளவருக்குச் சில நாள்கள் சர்க்கரை எகிறுகிறது. தமிழ்நாட்டில் இது சிறிய பிரச்சினை இல்லை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐசிஎம்ஆர்) ஆய்வின்படி இந்தியாவில் வயதுவந்தோரில் 11.4 சதவீதம் பேருக்கும், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கும் நீரிழிவு இருக்கிறது. கட்டுப்படாத சர்க்கரை நாணைக் கெடுக்கும், தோளை இறுக்கும், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஆறுவதைத் தாமதப்படுத்தும். நாணைக் காப்பாற்றப் போட்ட ஊசி, நாணுக்கு எதிரியான சர்க்கரையை ஏற்றிவிடுகிறது. வளர்ச்சி ஹார்மோனும் சர்க்கரையை ஏற்றும். உடம்பில் நீர் கோக்கும். மணிக்கட்டில் நரம்பை நெருக்கி விரல்களை மரத்துப்போகச் செய்யும். வெளியிலிருந்து ஏற்றும் டெஸ்டோஸ்டிரோன், விந்தணு உற்பத்தியை நிறுத்திக் குழந்தைப் பேற்றைப் பாதிக்கும். கபடி ஆடும் இளைஞர்களுக்கு இன்னொரு செய்தியும் தெரிந்திருக்க வேண்டும்: வளர்ச்சி ஹார்மோனும் டெஸ்டோஸ்டிரோனும் ஊக்கமருந்துப் பட்டியலில் எந்நேரமும் தடை செய்யப்பட்டவை, ஸ்டீராய்டு ஊசியும் 2022 ஜனவரி 1 முதல் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டிருக்கிறது. அதே ஆண்டு இந்தியாவில் தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டமும் வந்துவிட்டது. கிராமத்து அணியிலிருந்து மாநில அணிக்குப் போகத் துடிக்கும் ஒருவருக்கு, ஆறாத நாணோடு விளையாட்டு வாழ்க்கையும் சேர்ந்து போய்விடும்.

6. குறையை நிரப்புவது வேறு, நிறைந்ததில் ஊற்றுவது வேறு.

ஹார்மோனுக்கும் நாணுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. தொடர்பு இருக்கிறது, அதனால்தான் இந்த நம்பிக்கைக்கு இவ்வளவு உயிர். தைராய்டு குறைந்தவருக்குத் தோளும் நாணும் நோகும். அவருக்குத் தைராய்டு மாத்திரை வேண்டும். சர்க்கரை கட்டுப்படாதவருக்கு இன்சுலின் தேவைப்பட்டால் அதைப் போடத்தான் வேண்டும். நாணுக்காக ஒரு ஹார்மோனைப் பரிந்துரைக்கச் சொன்னால் நான் முதலில் சொல்வது இன்சுலினைத்தான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இடுப்பின் பக்கவாட்டில் வரும் நாண் வலியில் ஈஸ்ட்ரோஜன் பூச்சைச் சோதித்த ஆஸ்திரேலிய ஆய்வில், உடல் எடை அளவாக உள்ளவர்களுக்கு மட்டும் ஓரளவு பலன் கிடைத்தது. எலும்புத் தேய்வுக்குக் கொடுக்கும் பாராதைராய்டு ஹார்மோன், பெரிய தோள்பட்டைக் கிழிசல்களில் நாணும் எலும்பும் சேரும் இடத்துக்கு உதவலாம் என்று தென்கொரியாவிலிருந்து ஒரு நம்பிக்கை வந்திருக்கிறது. இவை மேலும் ஆராயப்பட வேண்டியவை. ஆனால் இவை எல்லாம் எதைச் சொல்கின்றன? குறை உள்ளவரிடம், குறிப்பிட்ட இடத்தில், அறியப்பட்ட காரணத்துக்காக, அளவோடு. குறையே இல்லாத முப்பது வயது மீனவரின் தோளில் மூன்றாவது ஸ்டீராய்டு ஊசியைப் போட இவற்றில் எதுவும் அனுமதி தரவில்லை. இரத்தச் சோதனை இல்லாமல், காரணம் தேடாமல் போடப்படும் ஹார்மோன் சிகிச்சை ஆகாது.

7. உழைப்பாளிக்கு நேரமில்லை என்ற வாதம் யாருக்குச் சாதகம்?

எதிர்த்தரப்பின் கடைசிக் காரணமே மனத்தைத் தொடுவது. உப்பளத்தில் பாத்தியிலிருந்து உப்பை வாரிச் சேர்ப்பவரின் தோள்கள் நாள் முழுவதும் இழுத்தபடியே இருக்கின்றன. கூடையை நிரப்பித் தலைக்கு ஏற்றும் ஒவ்வொரு முறையும் கை தோளுக்கு மேலே போகிறது. தோள் எலும்புக்கு அடியில் ஓடும் நாண் ஒவ்வொரு முறையும் இழுபடுகிறது. அம்பாரத்தில் கொட்டிவிட்டுத் திரும்பினால் அடுத்த கூடை. வலை இழுக்கும் மீனவருக்கும், சங்கு குளிக்கக் கடலில் இறங்குபவருக்கும், மூட்டை தூக்குபவருக்கும் இதே நிலைதான். இவர்களிடம் மூன்று மாதப் பயிற்சி என்றால் கோபம் வருவது நியாயம். ஆனால் ஊசி என்ன செய்கிறது என்று பாருங்கள். வலி என்பது அந்த நாணுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு. அதை மௌனமாக்கிவிட்டு, இரண்டாம் நாள் அதே நாணை அதே சுமைக்கு அடியில் அனுப்புகிறோம். அப்போதுதான் ஸ்டீராய்டு நாணின் செல்களை முடக்கியிருக்கும் நேரம். பாதி நைந்தது முழுவதும் கிழிகிறது. முதலில் இழந்திருக்கக்கூடியது சில வாரக் கூலி. பிறகு இழப்பது கையைத் தூக்கும் திறன். அறுவைச் சிகிச்சைக்குப் போனாலும், அதற்கு முந்திய ஒரு மாதத்துக்குள் போட்ட ஊசி தொற்று அபாயத்தைக் கூட்டுகிறது. நேரமில்லை என்ற வாதத்தில் உண்மையாகவே நேரத்தை மிச்சப்படுத்துபவர், மறுநாளே ஆளைத் திரும்பப் பெறும் முதலாளிதான்.

பயிற்சிக்கு அவ்வளவு நேரம் வேண்டும் என்பதும் முழு உண்மை இல்லை. சுவீடனில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட குதிகால் நாண் பயிற்சிக்கு ஒரு படிக்கட்டு போதும். படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, வலிக்கும் காலின் குதியை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். மற்றக் காலால் மேலே எழ வேண்டும். பதினைந்து முறை, மூன்று சுற்று, காலையும் மாலையும், பன்னிரண்டு வாரம். பிரிட்டனில் தோள்பட்டை நாண் வலி உள்ள 708 பேரிடம் நடந்து 2021இல் வெளியான பெரிய ஆய்வு, ஆறு முறை வரை பிசியோதெரபிஸ்டிடம் போனவர்களையும், ஒரே ஒரு முறை போய்ப் பயிற்சியைக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்தவர்களையும் ஒப்பிட்டது. ஓராண்டில் இரு சாராரும் சமமாகவே தேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குக் கூடுதலாகப் போட்ட ஸ்டீராய்டு ஊசியால் ஓராண்டில் எந்த லாபமும் இல்லை. பயிற்சிக்குத் தேவை மருத்துவமனைக்குத் திரும்பத் திரும்ப நடப்பது அல்ல. நன்றாகச் சொல்லித்தரும் ஓர் அமர்வும், அளவு குறைத்த வேலையும்.

அதற்கான காலமும் அமைப்பும் நம் கரையில் ஏற்கெனவே இருக்கின்றன. கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலாளியின் தோள் ஓயும் மாதங்கள் அவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையால் உப்பு உற்பத்தி நின்றுவிடும். அந்த மாதங்களுக்காகவே 2022 முதல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு ரூ.5,000 நிவாரணம் தருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் அடக்கம். தூத்துக்குடியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது. இவற்றை ஒன்றோடொன்று இணைத்தால் போதும்: தடைக்காலத்திலும் மழைக்காலத்திலும் மீனவக் குப்பங்களிலும் உப்பளக் கிராமங்களிலும் இயன்முறை மருத்துவர்கள் வந்து பயிற்சி சொல்லித்தரும் முகாம்கள். தொழில் நடக்கும் மாதங்களில் வலி வந்தவருக்கு முழு ஓய்வு தேவையில்லை. அரைக்கூடைச் சுமையும், தலைக்கு ஏற்றிவிட இன்னொரு கையும் வேண்டும். விழுந்ததால் திடீரென்று கையைத் தூக்கவே முடியாமல் போனவருக்கு மட்டும் தாமதமின்றி ஸ்கேனும் அறுவைச் சிகிச்சை ஆலோசனையும் வேண்டும். அவருக்கு ஊசி போட்டு நாள் கடத்துவது பெரிய தீங்கு.

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊசி போடுவதற்கு முன், இது வலியை அடக்கும், நாணை ஆற்றாது என்று நோயாளியிடம் வாய்திறந்து சொல்லுங்கள், சர்க்கரையைச் சோதியுங்கள், போட்டால் எத்தனை வாரம் கனமான வேலை கூடாது என்று எழுதிக் கொடுங்கள். நோயாளிகளுக்கும் ஒன்று: மருந்து நாணுக்கா, நாணின் உறைக்கா, முன்பு எத்தனை முறை போட்டிருக்கிறோம், ஓராண்டில் என்ன ஆகும் என்று கேட்காமல் தோளை நீட்டாதீர்கள். கிழிந்த நாணை ஆற்றுவது இன்றுவரை அளவான சுமையும் காலமும்தான். அந்தக் காலத்தைத் தொழிலாளிக்குக் கொடுப்பது வேலை வாங்குபவரின் பொறுப்பு. அதைக் கொடுக்க வைப்பது அரசின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை ஓர் ஊசியின் மீது இறக்கி வைக்கக் கூடாது.